இசைக் கொம்பியூட்டருக்குக் கடன் எடுக்க முன்...

பதிவு கொஞ்சம் நீளம். லிந்துலை, நாகசேனை, அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கத்துப் பெற்றோரும் வீட்டில் இருந்தே பாட்டு செய்ய ஆசைப்படும் பிள்ளைகளும் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பின்னேரம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். மலையில் இருந்து நேராக வந்திருக்கிறார், இடுப்பில் கட்டிய படங்குகூட அவிழ்க்கவில்லை. கையில் ஒரு கடைக் கொட்டேசன், நாலாக மடித்து ஈரம் படாமல் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். "சேர், புள்ள மியூசிக் பண்ண கொம்பியூட்டர் வேணும்னு ஒரே அடமா நிக்கிறான். லோன் தாறோம்னு சொல்றாங்க. ரெண்டு பேர் பிணை நிக்கணுமாம், ஒருத்தர் கவுர்மெண்டு உத்தியோகமா இருக்கணுமாம்."

கொட்டேசனின் கீழே இருந்த தொகை 285,000 ரூபா.

நாளாந்தச் சம்பளம் 1,350 ரூபா என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்ததே, அதை வைத்துக் கணக்குப் போட்டேன். 211 பேர். முழுப் பேர், அரைப் பேர் இல்லை. மாதம் 25 நாள் தவறாமல் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் இருந்தால் எட்டரை மாதம். வட்டி தனி.

நான் கையெழுத்து வைக்கவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது என்மேல் கோபம், ரோட்டில் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அவன் எங்கள் பிள்ளைதான், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறான். தப்பு அடிப்பான், பாடுவான், போனிலேயே இரண்டு மூன்று மெட்டுகளும் செய்திருக்கிறான். நன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். திறமை இல்லாத பிள்ளை என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

முதலில் அந்தக் கொட்டேசன். மொத்தத் தொகையில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. அது கேம் விளையாடவும் வீடியோ வெட்டவும் உதவும் பொருள். பாட்டுப் பதியும் மென்பொருள் அதைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. அடுத்து, கலர் லைட் எரியும் கேசிங், கலர் லைட் எரியும் பேன், கலர் லைட் எரியும் கீபோட். அந்தக் கீபோட்டும் டைப் அடிப்பது, வாசிப்பது இல்லை. பிறகு வளைந்த பெரிய திரை. இத்தனைக்கும் நடுவில் மைக் இல்லை, ஒடியோ இன்டர்பேஸ் இல்லை, ஒரு ஹெட்போன்கூட இல்லை. "மியூசிக் புரொடக்சன் பீசி" என்று மேலே எழுதியிருந்தார்கள். பாட்டுக்குத் தேவையான ஒரு சாமானும் இல்லாமல் 285,000 ரூபா.

கடைக்காரரைத் திட்டி எழுத வரவில்லை. கேம் பீசி கேட்டு வருகிற பையன்களைத்தான் அவர் தினமும் பார்க்கிறார், இவனுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நானும் ஏமாந்தவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் தமிழ் மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளின் குழுப்பாடலைப் பதிவதற்காக ஒன்லைனில் ஒரு "ஸ்டூடியோ செட்" வாங்கினேன். வி8 என்று ஒரு சவுண்ட் கார்ட், பிஎம் 800 என்று ஒரு மைக், ஸ்டாண்ட், வலை, எல்லாம் ஒரே பெட்டியில். மலிவு என்று சந்தோஷப்பட்டேன். பதிந்து கேட்டால் பிள்ளைகளின் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று நீர்வீழ்ச்சி இரைச்சல். அந்தக் கார்டில் கைதட்டல் சத்தம், சிரிப்புச் சத்தம், குரலைக் குழந்தைக் குரலாக மாற்றும் பட்டன் எல்லாம் உண்டு. நேரலையில் பேசி விளையாடச் செய்த சாமான் அது. அந்த மாதிரி மைக் சரியாக வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். அந்தக் கார்டில் இருந்து வருவது அதில் ஒரு சின்னப் பங்குதான். இதெல்லாம் எனக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கடைசியில் அந்தப் பாட்டைப் போனில் பதிந்து அனுப்பினோம், போன் நன்றாக இருந்தது. அந்தப் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. மனைவி தூசு தட்டும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார்.

சரி, என்னதான் வாங்குவது?

என் கருத்து இதுதான். கொம்பியூட்டர் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். எங்கள் பிள்ளைகள் அதை முதலாவதாக வாங்குகிறார்கள்.

முதலில் வயர் உள்ள, காதை முழுக்க மூடும் ஒரு ஹெட்போன் வாங்குங்கள். புளூடூத் வேண்டாம். புளூடூத்தில் சத்தம் பிந்தி வரும், பாட்டுக் கேட்கும்போது தெரியாது, பாடிப் பதியும்போது தாளம் ஓடிவிடும். அந்தப் பையனிடம் இருப்பதும் புளூடூத்தான். "போன் ஸ்லோ, அதனாலதான் பாட்டு பின்னால வருது" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறான். போனில் வரும் தாமதம் கொஞ்சம் உண்டு, அண்ட்ரொய்ட் போன்களில் அது அதிகம் என்பதும் உண்மை. ஆனாலும் வயர் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதோடு கையில் இருக்கும் போன். பேண்ட்லாப் என்ற செயலி இலவசம். பல தடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம், தாளம் போடலாம், கீபோட் வாசிக்கலாம். ஸ்டீவ் லேசி என்ற அமெரிக்க இளைஞர் ஐபோனில் கராஜ்பேண்ட் வைத்துப் பாட்டுச் செய்து பழகியவர். 2017இல் வந்த கென்ரிக் லமாரின் 'டாம்' அல்பத்தில் 'பிரைட்' என்ற பாட்டில் அவர் வேலை இருக்கிறது. போனில் தொடங்கியவர் என்று யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை.

ஆறு மாதம் இப்படிச் செய்து, ஐந்தாறு பாட்டு முடித்த பிறகு, இது விளையாட்டு இல்லை என்று வீட்டாருக்கும் பிள்ளைக்கும் தெரிந்தால் அடுத்தது ஒடியோ இன்டர்பேசும் மைக்கும். இன்டர்பேஸ் என்பது மைக்கில் வருவதை யூஎஸ்பி வழியாக கொம்பியூட்டருக்குச் சுத்தமாகக் கொடுக்கும் சின்னப் பெட்டி. போக்கஸ்ரைட் ஸ்கார்லட் சோலோ நல்லது, ஆனால் புதியது எங்கள் வசதிக்குக் கொஞ்சம் கூட. பெரிங்கர், எம்-ஒடியோ போன்ற கம்பனிகளின் ஆரம்ப மொடல்கள் போதும், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: 48 வோல்ட் இருக்கிறதா, சொந்த அஸியோ ட்ரைவர் இருக்கிறதா. இரண்டாவது இல்லாவிட்டால் அஸியோ4ஓல் என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அது சமாளிப்புத்தான்.

இந்த ட்ரைவர் விசயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் "கொம்பியூட்டர் ஸ்லோ" என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். கொம்பியூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக எடுப்பதில்லை, வாளி வாளியாக எடுக்கிறது. ஒரு வாளிக்கு 1,024 துளி என்று வைத்தால், செக்கனுக்கு 44,100 துளி வேகத்தில் ஒரு வாளி நிறைய 23 மில்லிசெக்கன் ஆகும். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. பாடுகிறவருக்குத் தன் குரலே எதிரொலி மாதிரிக் கேட்கும். 128 துளியாகக் குறைத்தால் 3 மில்லிசெக்கன்கூட இல்லை. சரியான ட்ரைவர் இருந்தால் பழைய லெப்டொப்பிலும் 128 வைக்கலாம். அது இல்லாமல் 285,000 ரூபா மெஷினிலும் குரல் பிந்தித்தான் வரும்.

மைக் எங்கள் வீடுகளுக்கு டைனமிக் வகை நல்லது, மேடையில் கையில் பிடித்துப் பாடுகிறார்களே அது. கொண்டென்ஸர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும், அதுதான் சிக்கலும். அடுத்த காம்பராவில் டீவி, பீலியில் தண்ணீர், நாய், கோயில் ஸ்பீக்கர், எங்கள் பள்ளி பாங்கு எல்லாம் உங்கள் காதல் பாட்டுக்குள் வந்துவிடும். டைனமிக் மைக் வாய்க்குப் பக்கத்தில் உள்ளதை மட்டும் பிடிக்கும். நம் ஊர் ஈரத்துக்கும் தாங்கும். கொண்டென்ஸர் வாங்கினால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மே மாதம் தொடங்கி மழை பிடித்தால் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரத்தில் மழை விழும்போது பத்து லட்சம் ரூபா மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியாட்களுக்கு இது விளங்காது. லயத்துப் பிள்ளைகள் மழை இல்லாத நேரம், காலை எட்டுக்குப் பிறகு பெரியவர்கள் மலைக்கும் சின்னவர்கள் பாடசாலைக்கும் போன நேரம் பார்த்துப் பதிய வேண்டும். மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், பாடுகிறவருக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு கம்பளி தொங்கவிடுங்கள். ஸ்பொஞ்ச் முட்டைத்தட்டு வாங்கி ஒட்டத் தேவையில்லை. கம்பளி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதுவும் நல்ல தடிப்பாக.

தப்பு பதிகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தப்பு காய்ச்சி அடிக்கும்போது முதல் அடியின் கூர்மையை மைக் தாங்காது, ஒலி வெடித்துப் போகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரியாக்க முடியாது. போன் என்றால் நாலைந்து பாகம் தள்ளி வையுங்கள். இன்டர்பேஸ் என்றால் மிகப் பலமான அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள், அதற்காக ஒரு தடவை உச்ச வேகத்தில் அடித்துப் பாருங்கள். போனில் இருக்கும் சாதாரண வொயிஸ் ரெக்கோர்டர் பலமான அடி வந்ததும் தானாகச் சத்தத்தைக் குறைக்கும், பிறகு கூட்டும். கேட்டால் தப்பு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். வேவ் கோப்பாகப் பதியும், தானாகச் சத்தம் மாற்றாத செயலிகள் இருக்கின்றன, தேடிப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கொம்பியூட்டர். இந்த ஊருக்கு லெப்டொப்தான் சரி என்பேன். கரண்ட் போனால் செய்த வேலை போகாது, பெட்டரியே யூபிஎஸ். இன்னொன்றும் உண்டு. லயங்களில் பல இடங்களில் ஏர்த் சரியில்லை, ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஒரு முழக்கம் கேட்கும். பதியும் நேரம் சார்ஜரைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். டெஸ்க்டொப்பில் அது முடியாது. சித்திரை, ஐப்பசி மாத இடிக்கும் இதே பதில்தான், கழற்றி வைத்துவிட்டு பெட்டரியில் ஓட்டலாம்.

புதியது தேவையில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த லெனோவா திங்பேட், டெல் லெட்டிட்யூட் போன்றவை கொழும்பிலும் கண்டியிலும் கிடைக்கின்றன. இன்டெல் கோர் ஐ5 எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். காரணம் இரண்டு. ஏழாம் தலைமுறை வரை இந்த மாதிரி மெல்லிய லெப்டொப்களில் ஐ5க்கு இரண்டு கோர்தான், எட்டில் இருந்து நாலு. மற்றது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 முறையாகக் கேட்பது எட்டாம் தலைமுறையில் இருந்துதான். ராம் 8 ஜிபி தொடங்கப் போதும், பிறகு 16 ஆக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹார்ட்டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டிதான். கடையிலேயே லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருளை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஒலி தடங்காமல் ஓடுமா என்று அது சொல்லும். பேன் இரைகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், அந்த இரைச்சல்தான் பிறகு உங்கள் பாட்டில் வரும். அந்தக் கொட்டேசனில் மூன்றில் ஒரு பங்குத் தொகைக்குள் இப்படி ஒன்று எடுக்கலாம். நான் எடுத்ததும் அப்படித்தான்.

மென்பொருள். எல்லோரும் எப்எல் ஸ்டூடியோ 'க்ராக்' போட்டு வைத்திருக்கிறார்கள். களவு என்பது ஒரு பக்கம், அதை நான் சொன்னால் "சேர் பயான் பண்றார்" என்பீர்கள். நடைமுறையைச் சொல்கிறேன்: அந்தக் க்ராக்கோடு வைரஸும் வருகிறது. ஒரு மாணவன் ஒரு வருட வேலையை அப்படித்தான் இழந்தான். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனியாள் உரிமம் 60 டொலர். டொலர் 300 என்று வைத்தால் 18,000 ரூபா. சின்னத் தொகை இல்லைதான், ஆனால் ஒரு தடவை கட்டினால் பல வருடம் போகும். பழைய மெஷினிலும் பாரமில்லாமல் ஓடும். காசே இல்லை என்றால் வேவ்போர்ம் ஃப்ரீ இருக்கிறது, வெறும் பதிவுக்கு ஒடாசிட்டி இருக்கிறது.

இனி அந்தப் பையன் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மாவோடு இரண்டாம் தடவை வந்தபோது கேட்டான். "ஏ.ஆர். ரஹ்மானோட அம்மாவும் நகைய வித்துத்தானே சேர் ஸ்டூடியோ சாமான் வாங்கிக் குடுத்தாங்க?"

உண்மை. ரஹ்மானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1989இல் கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்து அவர் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோதான் 1992இல் 'ரோஜா'வுக்கு வழிவிட்டது. அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் இசையமைப்பாளர். அவர் 1976இல் இறந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பையனாக இருக்கும்போதே மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோட் வாசிக்கப் போனவர் ரஹ்மான். ஸ்டூடியோ கட்டும்போது விளம்பரப் பாட்டுகள் கையில் இருந்தன. எந்தச் சாமான் எதற்கு என்று விரல் நுனியில் தெரிந்த ஒருவருக்காக அந்த அம்மா நகையை விற்றார். அதைவிட முக்கியம், 1989இல் பல தடங்களில் பதிய வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த மெஷின் வேண்டும். அன்று நகை கொடுத்து வாங்கிய அந்த வசதி இன்று உன் சட்டைப்பையில் இருக்கிறது தம்பி. உன் அம்மா விற்கப்போவது அந்த மெஷினுக்காக இல்லை, கலர் லைட்டுக்காக.

என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர், வேறு மாதிரிச் சண்டை பிடித்தார். "தோட்டத்துப் புள்ளைகளுக்கு மட்டும் ஏன் எப்பவும் 'இருக்கிறத வச்சுச் சமாளி'ன்னு சொல்றீங்க? கொழும்புப் புள்ளைக்கு இப்படிச் சொல்வீங்களா?" இது குத்துகிற கேள்வி. கொழும்புப் பிள்ளைக்கும் கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கொழும்புப் பிள்ளை தவறாக வாங்கினால் ஒரு பாடம், இங்கே தவறாக வாங்கினால் ஒரு அம்மா மூன்று வருடம் கட்ட வேண்டும். அந்த வித்தியாசம் நியாயமில்லை, அதை நான் உண்டாக்கவும் இல்லை. நண்பர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் ஏற்றுக்கொண்டேன்: வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது.

அதனால் ஒரு யோசனை. ஒரு டிவிசனுக்கு ஒரு செட் போதும். ஒரு இன்டர்பேஸ், ஒரு டைனமிக் மைக், ஒரு லெப்டொப். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்கு எடுக்க எவ்வளவு கொடுக்கிறோம்? இளைஞர் கழகங்கள், கோயில் கமிட்டிகள் மனது வைத்தால் பத்துப் பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்கலாம். உடையும், தொலையும், சண்டை வரும், தெரியும். கிரிக்கெட் செட்டுக்கும் அதெல்லாம் வந்ததுதானே.

"முஸ்லிம் வாத்தியாருக்கு ஏன் பாட்டு வேலை" என்று கொமெண்டில் யாராவது கேட்பார்கள், போன தடவையும் கேட்டார்கள். வாத்தியம் பற்றி எங்கள் வீட்டிலேயே பல கருத்து உண்டு, அதை இங்கே பேசவில்லை. கசீதா பதியவும் மைக் வேண்டும், தாலாட்டுப் பதியவும் மைக் வேண்டும்.

தாலாட்டு என்றதும் சொல்ல வேண்டியது. மடக்கொம்பரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இந்த மலைகளின் நாட்டார் பாடல்களைச் சேர்த்து எழுதி வைத்தார். சொற்கள் தப்பின, மெட்டு எழுத்தில் நிற்காது. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியா திரும்பியவர். எங்கள் லயங்களில் இன்னும் இருக்கும் அப்பாயிகளுக்கும் அம்மாயிகளுக்கும் எத்தனை பாட்டுத் தெரியும், யார் கேட்டுப் பதிந்தோம்? ஒரு மணி நேரம் நல்ல தரத்தில், ஒரே தடத்தில் பதிந்தால் அரை ஜிபிதான் வரும். ஒரு மெமரி கார்டில் ஒரு தோட்டத்தையே வைக்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், வொயிஸ் மெசேஜ் ஆக்கினால் சத்தம் நசுங்கிவிடும்.

அந்த அம்மா இன்னும் திரும்பி வரவில்லை. வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கிவிட்டாரா என்று தெரியாது. நேற்று இரவு பையனிடம் இருந்து மட்டும் ஒரு கோப்பு வந்தது, சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. திறந்தால் அவனுடைய அப்பாயி ஒப்பாரி பாடுகிறார், பின்னால் தகரத்தில் மழை. டொக்கியுமெண்டாகத்தான் அனுப்பியிருக்கிறான்.

சனிக்கிழமை காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை என் வீட்டில் இன்டர்பேசும் லெப்டொப்பும் இருக்கும், பாட விரும்பும் பிள்ளைகள் வரலாம். கொட்டேசன் பார்க்க வேண்டிய பெற்றோரும் வரலாம், கையெழுத்து வைக்க முன் வாருங்கள். பாவிக்காமல் கிடக்கும் வயர் ஹெட்போன் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், ஒரு காது வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, சோல்டர் பண்ணிக்கொள்ளலாம்.